தீபா மேத்தா: தூரமும் மொழியும்

தீபா மேத்தா (பிறப்பு: 1950) இந்தியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய திரைப்பட இயக்குநர். ‘ஃபயர்’, ‘எர்த்’, ‘வாட்டர்’ ஆகிய மூன்று படங்களால் உலக அளவில் அறியப்பட்டவர். ஈழத் தமிழ்ச் சிறுவனின் கதையான ‘ஃபன்னி பாய்’ படத்தை 2020-ல் இயக்கியதால் தமிழ் வாசகர்களின் பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் உள்ளானார். அவருடைய வாழ்க்கையையும் முக்கியமான படங்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

வாழ்க்கை

தீபா மேத்தா பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் பிறந்தார். நாட்டுப் பிரிவினை நடந்து மூன்று ஆண்டுகளுக்குள், எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்தவர். தந்தை திரைப்பட விநியோகஸ்தர், திரையரங்கும் நடத்தினார். குடும்பம் பின்னர் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. தீபா மேத்தா தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் தத்துவம் பயின்றார். படிப்புக்குப் பின் ஆவணப்படத் துறையில் நுழைந்தார். கனடாவைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் பால் சால்ட்ஸ்மனைத் திருமணம் செய்துகொண்டு 1973-ல் டொராண்டோவில் குடியேறினார். கணவருடனும் தம்பி திலீப் மேத்தாவுடனும் சேர்ந்து சன்ரைஸ் ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இத்திருமணம் பின்னர் மணமுறிவில் முடிந்தது. மகள் தேவயானி சால்ட்ஸ்மன் எழுத்தாளர்.

முதல் கதைப்படமான ‘சாம் அண்ட் மீ’ 1991-ல் வெளிவந்தது. டொராண்டோவுக்கு வேலை தேடி வந்த இந்திய இளைஞனுக்கும் அவன் கவனித்துக்கொள்ளும் யூத முதியவருக்கும் இடையே வளரும் நட்பே கதை. முதல் படங்களுக்கு கான் திரைப்பட விழாவில் வழங்கப்படும் தங்க கேமரா பரிசுப் போட்டியில் இது சிறப்புக் குறிப்பைப் பெற்றது. வந்து சேர்ந்த நாட்டைப் பற்றிய படத்துடன் தொடங்கிய மேத்தா, அடுத்த சில ஆண்டுகளில் விட்டு வந்த நாட்டின் பக்கம் திரும்பினார்.

மூன்று படங்கள்

‘ஃபயர்’ (1996) தில்லியில் ஒரு கூட்டுக் குடும்பத்தில் வாழும் இரு ஓரகத்திகளின் கதை. கணவர்களால் புறக்கணிக்கப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்தனர். 1998 இறுதியில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானபோது மும்பையிலும் தில்லியிலும் சிவசேனைக் கட்சியினர் அரங்குகளைத் தாக்கினர். பாத்திரங்களுக்கு ராதா, சீதா என்று பெயரிட்டதும் எதிர்ப்புக்கு ஒரு காரணமாயிற்று.

‘எர்த்’ (1998) பாப்சி சித்வாவின் நாவலைத் தழுவியது. 1947-ல் லாகூரில் அண்டை வீட்டாரும் நண்பர்களும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததை ஒரு பார்சிச் சிறுமியின் கண்வழியே சொல்கிறது. மூன்றில் இதுவே நிறைவான படம். கொலைக்காரன் வெளியிலிருந்து வருவதில்லை. பூங்காவில் சேர்ந்து உட்கார்ந்து சிரித்தவர்களிலிருந்தே உருவாகிறான். இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டும் பொறுமை மேத்தாவின் மற்ற படங்களில் இந்த அளவுக்கு இல்லை.

‘வாட்டர்’ 1938-ல் நடக்கும் கதை. கணவன் இறந்ததால் காசியில் விதவையர் விடுதியில் விடப்படும் சுயியா என்ற சிறுமியே மையப் பாத்திரம். 2000-ன் தொடக்கத்தில் வாரணாசியில் படப்பிடிப்பு தொடங்கியபோது கும்பல் ஒன்று அரங்கங்களை உடைத்து ஆற்றில் எறிந்தது, படப்பிடிப்பு நின்றது. பாத்திரத்துக்காக ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் தலையை மழித்திருந்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இலங்கையில், ‘ரிவர் மூன்’ என்ற போலித் தலைப்பில், சீமா பிஸ்வாஸ், லிசா ரே, ஜான் ஆபிரகாம் ஆகியோரைக் கொண்டு மேத்தா படத்தை எடுத்து முடித்தார். 2005-ல் டொராண்டோ திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. கனடாவின் சார்பில் ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. மூன்று படங்களிலும் ஏ.ஆர். ரகுமானின் இசை ஒலிக்கிறது.

இப்படங்களை உள்நாட்டில் வாழும் ஓர் இயக்குநர் எடுத்திருக்கவே முடியாது என்று சொல்ல இயலாது. ஆனால் அரங்கம் உடைக்கப்பட்ட பின் வேறு நாட்டில் நின்று, வேறு நாட்டுப் பணத்தில் அதே கதையைத் திரும்ப எடுக்கும் வசதி குடியேறியவருக்குத்தான் கிடைத்தது. தூரம் மேத்தாவுக்குக் கொடுத்த முதல் நன்மை இது.

காவிரிக் கரையிலிருந்து ‘வாட்டர்’

தஞ்சை வட்டாரத்தில் இருந்து பார்ப்பவருக்கு ‘வாட்டர்’ அந்நியமான படமன்று. காவிரிக் கரை அக்கிரகாரங்களிலும் குழந்தை மணம் இருந்தது. பருவம் எய்தும் முன்பே விதவையான சிறுமியர் இருந்தார்கள். காசியில் வெள்ளைப் புடவை என்றால் இங்கே நார்மடி. மழித்த தலை, ஒருவேளை உணவு, நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாது என்ற விலக்கு ஆகியவை இரண்டு ஆற்றங்கரைகளுக்கும் பொது. ஆண் விதவைகளுக்கான விடுதி எங்கே இருக்கிறது என்று சுயியா கேட்கும் இடத்தில் விடுதிப் பெண்கள் பதறுகிறார்கள். இந்தக் கேள்வி நம் பாட்டிமார் காலத்துத் திண்ணைகளிலும் கேட்கப்படாமல் போன கேள்விதான்.

எனினும் இதே வட்டாரத்தின் வரலாறு படத்தின் ஒரு குறையையும் காட்டுகிறது. தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886-ல் பிறந்தவர் ஆர்.எஸ். சுப்பலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே விதவையான அவரைத் தந்தை படிக்க வைத்தார். 1911-ல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். பின்னர் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவையருக்கான விடுதியை நடத்தினார். அங்கே தங்கிப் படித்தவர்களில் பலர் ஆசிரியைகளாகி ஊர் ஊராகச் சென்று பெண்களுக்குக் கற்பித்தார்கள். ‘வாட்டர்’ கதை நடக்கும் 1938-க்குள் இந்த வேலை ஒரு தலைமுறையைக் கண்டுவிட்டது.

காசியின் கதையில் சென்னையின் வரலாறு வரவேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. ஆனால் படம் தரும் ஒரே விடுதலை காந்தியின் ரயில். விடுதியில் வாழும் சகுந்தலா, சீரழிக்கப்பட்ட சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஓடி, நகரும் ரயிலில் இருக்கும் நாராயணனிடம் ஒப்படைக்கிறாள். சீமா பிஸ்வாஸின் முகம் அந்தக் காட்சியை உயர்த்துகிறது. ஆயினும் அந்தப் பெண் குழந்தை எங்கே போகும், என்ன படிக்கும், எப்படிப் பிழைக்கும் என்ற கேள்விகள் நடைமேடையிலேயே நின்றுவிடுகின்றன. விதவையர் தங்கள் முயற்சியால் எழுந்து நின்ற வரலாறு இந்தியாவில் இருந்தது. தூரத்தில் இருந்து பார்க்கும் கண்ணுக்குக் கொடுமை தெரிந்த அளவுக்கு இந்த உழைப்பு தெரியவில்லை.

மொழி

‘வாட்டர்’ படத்தில் சுயியாவாக நடித்த சரளா காரியவசம் இலங்கைச் சிறுமி. இந்தி தெரியாது. வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார். நடிப்பு இயல்பாக அமைந்தது. அந்தப் படத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது, ஏனென்றால் அக்கதையில் யார் எந்த மொழியை எப்படிப் பேசுகிறார்கள் என்பது கேள்வி அல்ல.

‘ஃபன்னி பாய்’ கதையில் அதுதான் கேள்வி. ஷியாம் செல்வதுரை 1994-ல் வெளியிட்ட ஆங்கில நாவலைத் தழுவிய படம் இது. தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் கனடா சென்றவர் செல்வதுரை. பெண் பிள்ளைகளோடு மணப்பெண் வேடமிட்டு விளையாடும் ஆர்ஜி என்ற சிறுவன் தன்பால் ஈர்ப்பை உணர்ந்து வளர்வதும், அவனுடைய குடும்பம் 1983 ஜூலையில் வீட்டை இழப்பதும் இணைந்த கதை. வீட்டுக்குள் அவன் விலக்கப்படுகிறான். நாட்டில் அவன் குடும்பமே விலக்கப்படுகிறது. இந்த இணைப்பை மேத்தா சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். தமிழில் பேசத் தயங்கும் ஒரு பொருளைக் கூச்சமின்றி, பரிவோடு கையாண்டிருக்கிறார். ‘ஃபயர்’ எடுத்தவரின் துணிவு இதிலும் தெரிகிறது.

சிக்கல் நடிகர் தேர்வில் இருந்தது. அம்மாச்சியாக நடித்த சீமா பிஸ்வாஸ் அசாமைச் சேர்ந்தவர். ராதா அத்தையாக அகம் தர்ஷியும் தந்தையாக அலி காஸ்மியும் நடித்தனர். இவர்கள் யாரும் தமிழர் அல்லர். முன்னோட்டம் வெளியானதும் தமிழ் உச்சரிப்பு குறித்துப் புலம்பெயர் ஈழத்தமிழர்கள் கண்டனம் எழுப்பினர். தமிழ் வசனங்களுக்கு மறுபடி குரல்பதிவு செய்யப்பட்டது.

கொழும்பின் மேல்தட்டுத் தமிழர்கள் வீட்டில் ஆங்கிலம்தானே பேசினார்கள் என்று ஒரு பதில் சொல்லலாம். அது ஓரளவு உண்மை. நாவலில் ஆர்ஜியைத் தந்தை சிங்கள வகுப்பில் சேர்க்கிறார். அவன் தமிழ் தடுமாறினால் அது கதைக்குப் பொருந்தும். அம்மாச்சிக்குப் பொருந்தாது. இனக்கலவரத்தில் தகப்பனைப் பறிகொடுத்தவள் அவள். பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பகையைச் சுமப்பவள். மொழி யாருக்கு உயிரோடு ஒட்டியதோ அந்த வாய்க்கே அந்நிய நாக்கைக் கொடுத்தது பிழை.

இதைச் சிறு தொழில்நுட்பக் குறையாக ஒதுக்க முடியாததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இலங்கைக் கலவரங்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். கும்பல் வழிமறித்து, வாளிக்குரிய சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லச் சொல்லும். முதல் எழுத்து பிசகினால் ஆள் தமிழர் என்று பிடிபடும். ஒரு சொல்லின் உச்சரிப்பு உயிரைக் காத்தது அல்லது பறித்தது. அந்த ஜூலையைப் பற்றிய படத்தில் தமிழ் எப்படி ஒலிக்கிறது என்பது அலங்காரம் அன்று, பொருளே அதுதான்.

ஆஸ்கர் தேர்வில் நடந்ததும் இதைத்தான் வேறு வகையில் சொல்கிறது. கனடா ‘ஃபன்னி பாய்’ படத்தைச் சிறந்த பன்னாட்டுப் படத்துக்கான பிரிவுக்கு அனுப்பியது. வசனங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்பதால் அது ஏற்கப்படவில்லை. இந்தி பேசிய ‘வாட்டர்’ கனடாவின் படமாகச் சென்று இறுதிப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. தமிழரின் கதை ஆங்கிலம் மிகுந்ததால் வெளியே நின்றது.

நம் பக்கத்துக் கணக்கு

தமிழ்நாட்டு ரசிகர்கள் மேத்தாவை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. ‘தெனாலி’ (2000) படத்தில் ஈழப் பேச்சு நமக்குச் சிரிப்பு மூட்டப் பயன்பட்டது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் ஈழப் பெண் சியாமாவாக நடித்தவர், மேத்தாவின் படங்களில் நடித்த அதே நந்திதா தாஸ். கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் பேசப்படும் தமிழைப் படத்தில் எப்படிப் பேசுகிறார்கள் என்று நம்மில் பலர் காது கொடுத்துக் கேட்கவில்லை. கதாநாயகியருக்கு இரவல் குரல் கொடுப்பதும் நம் திரையுலகில் வழக்கம்.

தமிழ் தெரியாதவர் தமிழர் கதையை எடுக்கக் கூடாது என்ற வாதமும் நிற்காது. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒடியார் ‘தீபன்’ (2015) படத்தின் முதன்மை வேடத்தை ஈழ எழுத்தாளர் ஷோபாசக்திக்குக் கொடுத்தார். நாயகியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக நடிகை. படத்தின் பெரும்பகுதி தமிழில் பேசுகிறது. அதன் கடைசிப் பகுதியைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் பாத்திரங்கள் வாய் திறக்கும்போது பார்ப்பவர் கூசுவதில்லை. அந்தப் படம் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை விருதைப் பெற்றது. இயக்குநரின் பிறப்பைவிட அவர் யாரைப் பேச அழைக்கிறார் என்பதே முக்கியம்.

மதிப்பீடு

‘ஃபன்னி பாய்’ படத்துக்காக 2021-ல் கனடியத் திரை விருதுகளில் சிறந்த இயக்குநர் விருதும், செல்வதுரையுடன் பகிர்ந்துகொண்ட தழுவல் திரைக்கதை விருதும் மேத்தாவுக்குக் கிடைத்தன. அவருடைய இடம் உறுதியானது. வீட்டுக்குள் மறைக்கப்படுவதை வெளியே எடுத்து வைப்பதில் அவருக்கு இணையானவர் குறைவு. ஊரைவிட்டு நீங்கியவருக்கே வாய்க்கும் துணிவும் அவரிடம் உண்டு. அதே தூரம் அவர் காதைச் சற்று மந்தப்படுத்தியது. கொடுமையைக் காண்கிறார்; கொடுமைக்கு ஆளானவர்களின் உழைப்பையும் பேச்சையும் அதே கவனத்தோடு கேட்பதில்லை.

தமிழ் வாசகர்கள் ‘வாட்டர்’, ‘எர்த்’ இரண்டையும் தவறாமல் பார்க்க வேண்டும். ‘ஃபன்னி பாய்’ படத்தைப் பார்ப்பவர்கள் செல்வதுரையின் நாவலையும் சேர்த்துப் படிப்பது நல்லது. படத்தில் விடுபட்ட அம்மாச்சியின் குரலை அங்கே கேட்கலாம்.