செல்வோன் கண்ட இலண்டனும் நாம் எழுதாத கொழும்பும்

கரிபியத் தீவினர் இலண்டன் மாநகரிற் குடியேறி வாழ்ந்த வாழ்வைக் கூறும் புனைகதைகளுள் தலைசிறந்தது சாமுவேல் செல்வோன் 1956 இல் வெளியிட்ட 'த லோன்லி லண்டனர்ஸ்' என்னும் நாவலாகும். ஆசிரியர் 1923 இல் திரினிடாட்டிற் பிறந்தவர். தந்தையார் சென்னையினின்று அங்குச் சென்ற கிறித்தவத் தமிழர். இது கொண்டு அவரைத் தமிழர் வரிசையிற் சேர்த்துப் பெருமை பாராட்ட விரைவார் உளராயின், அவ்விரைவு வேண்டா. இந்நாவலின் முதன்மை மாந்தர் பெரும்பாலும் ஆபிரிக்க வழிவந்தோரே. கரும்புத் தோட்டத்து இந்திய வழியினனைத் தலைவனாக்கி 1952 இல் அவர் எழுதியது வேறு நூல். எனினும் ஊவாத் தோட்டங்களைச் சார்ந்த நாம் இந்நாவலைக் கற்றல் தகும். காரணம் அதன் நடையில் உள்ளது.

கதை எனப் பெரிதாக ஒன்றுமில்லை. பல்லாண்டு இலண்டனில் உழன்ற மோசஸ் என்பான், புதிதாக வரும் ஒருவனை எதிர்கொள்ளப் பனிக்கால இரவொன்றில் வாட்டர்லூ நிலையத்துக்குச் செல்கிறான். வருபவனோ குளிர்தாங்கா மெல்லுடையுடன், பெட்டி படுக்கை எதுவுமின்றி வந்திறங்குகிறான். 'கலஹாட்' என்ற பட்டப்பெயர் பெறும் அவனும், அவன் போன்றாரும் வேலை தேடுவதும், அறை தேடுவதும், ஞாயிறு காலையில் மோசஸின் சிற்றறையிற் கூடி ஊர்க்கதை பேசுவதுமே நூல். 1924 இல் பதுளையை அடைந்த இருப்புப்பாதை வழியே கோட்டை நிலையத்திற் போய் இறங்கிய நம் இளைஞர் கதையும் இதுவே. புறக்கோட்டைக் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் வேலைக்கமர்ந்து, ஓர் அறையில் பலராய்ப் படுத்துறங்கி, விடுமுறை நாளில் மடுல்சீமையையும் நமுனுகுலையையும் பேசித் தீர்த்தவர் எத்துணையர்!

ஆயினும் ஒப்புமையை மிகைப்படுத்தல் ஆகாது. 1948 யூன் 22 இல் 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பல் கரிபியரைச் சுமந்து தில்பரித் துறையை அடைந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட பிரித்தானியக் குடியியற் சட்டம் குடியேற்ற நாட்டினரையும் ஐக்கிய இராச்சியத்தாரோடு ஒரே குடிமையில் வைத்தது. அதே 1948 இல் இலங்கையின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. கலஹாட் உரிமைச் சீட்டுடன் அயல் நாட்டிற் புகுந்தான். நம்மவன் தான் பிறந்த நாட்டின் தலைநகருக்கே உரிமைச் சீட்டின்றிச் சென்றான். (1962 இல் குடிவரவுச் சட்டம் வந்து கரிபியர்க்கும் வாயில் குறுகியது. முறையாகக் குடியேறியோரும் பத்திரமில்லை என அலைக்கழிக்கப்பட்ட செய்தி 2018 இல் உலகறிய வெளிப்பட்டது.)

நூலின் உயிர்நிலையான பகுதி ஒன்றை ஈண்டு நோக்குவாம். நிறம் பற்றி இழிவுற்ற கலஹாட், தன் கையை உற்றுநோக்கி, அதன் கருமையோடே வழக்காடுகிறான். குற்றம் தன்னுடையதன்று, அந்நிறத்தினுடையது என்பது அவன் வாதம். நகையும் அவலமும் ஒருங்கே பிறக்கும் இடம் இது. நிறத்தை அவன் மறைத்தல் இயலாது. ஆதலின் அதனோடு பேசியே ஆகவேண்டும். நம்மவனுக்கு மறைக்க வழியிருந்தது. 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சுக்கு அஞ்சித் தோட்டத்தின் பெயரை விடுத்துப் 'பதுளை' என்று மட்டும் கூறுவான். லயத்தைச் சொல்லான். சொற்களையும் மெல்ல மாற்றிக்கொள்வான். மறைக்க இயலுதல் ஒரு வசதிபோலத் தோன்றும். ஆனால் மறைத்தவனுக்குக் கலஹாட்டைப் போல் வழக்காடும் வாய்ப்பு இல்லாது போயிற்று.

இனி நடைக்கு வருவோம். செல்வோன் இந்நாவலை முதலிற் பொது ஆங்கிலத்தில் எழுத முயன்று, அது ஓடாமை கண்டு, தம் தீவின் பேச்சு வழக்குக்கு மாறியதாகத் தாமே கூறியுள்ளார். மாந்தர் உரையாடலில் மட்டுமன்று, கதை சொல்வோன் கூற்றிலும் அவ்வழக்கே நிற்கிறது. அதனாற் சொல்வோனும் மோசஸின் அறையில் உடனிருப்பவனாகிறான். கோடைக்காலத்தைக் கூறும் நெடும்பகுதி நிறுத்தக்குறியே இன்றி ஓடுவதும் இவ்வுரிமையின் பயனே.

நம் மலைநாட்டுப் புனைகதையிற் பெரும்பாலும் மாந்தர் தோட்டத்து மொழி பேசுவர். ஆசிரியர் பொதுநடை பேசுவார். ஊவாவிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) போன்ற அரிய படைப்பையும் இவ்வினாவோடு கற்றல் வேண்டும். 'அரைப்பேர் போட்டுட்டாரு' என்று தொழிலாளி சொல்வான். அடுத்த வரியில் எழுத்தாளர் 'பாதி நாட் கூலி' என்பார். அரைப்பேர் என்னுஞ் சொல்லிற் கூலி மட்டுமா பாதியாயிற்று? ஆளின் பெயரும் பாதியாயிற்றன்றோ! கொழும்பில் நம் இளைஞன் நாவை அடக்கியதும் எழுத்தாளர் தம் கூற்றிற் செய்வதும் ஒரே செயலென்றே யான் கருதுகிறேன். கட்டுரைக்குப் பொதுநடை பொருந்தும். கதைக்கு அது கட்டாயமன்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களிற் பாடுவோர் கூற்றே தோட்டத்து மொழியில் அமைந்துள்ளமை காண்க.

செல்வோனிடம் குறையில்லை என்பதன்று. அவர் நகரம் ஆடவர் நகரம். வெள்ளைப் பெண்டிர் வேட்டைப்பொருள் போலவே வந்து மறைகின்றனர். டான்ரி என்னும் முதியவள் ஒருத்தியே விதிவிலக்கு. வெள்ளிக்கிழமை தீர்க்கும் கடனுக்குப் பொருள் தருமாறு ஆங்கிலக் கடைக்காரனை அவள் வசப்படுத்தும் காட்சியைப் படிப்போர்க்குத் தோட்டக் கடையின் பற்றுக் கணக்கு நினைவுக்கு வரும். அவளுக்கு இன்னும் சில பக்கம் கொடுத்திருக்கலாம். கொழும்பு வீடுகளில் அடுப்படி வேலை செய்த நம் சிறுமியர்க்கோ அவ்வளவு பக்கமும் கிடைத்திலது.

நூலின் முடிவில் மோசஸ் தேம்ஸ் நதிக்கரையில் நிற்கிறான். பிரான்சில் வண்டி ஓட்டுநரும் சுமை தூக்குவோரும் நூல் எழுதுகின்றனர் என்ற செய்தி அவன் செவிக்கு எட்டியிருக்கிறது. தானும் ஒன்று எழுதக் கூடுமோ என எண்ணுகிறான். எந்த மொழியில் என்று அவன் ஐயுறவில்லை.