இலங்கைக் கடலிலும் இந்தியக் கடலிலும் ஆழம் பயிலும் கிரமம்

மூச்செடுக்கும் சாதனங்களைத் தரித்துக்கொண்டு பொழுதுபோக்காகக் கடலில் மூழ்குகிறவர்களுக்கு, பயிற்சி ஸ்தாபனங்கள் ஏறக்குறைய ஒருமித்து விதித்திருக்கும் எல்லை 40 மீட்டர் ஆழம். அந்த எல்லைக்குள், அனுமதித்த நிமிடங்களுக்குள், எந்த இடையூறு நேர்ந்தாலும் நேராக மேலேறி நீர்மட்டத்தை அடைந்துவிடலாம் என்ற சௌகரியம் சுழியோடிக்கு உண்டு. அதைக் கடந்தவருக்கோ அந்தச் சௌகரியம் இல்லை. அமுக்கத்தினால் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துபோன நைதரசன் வாயு கிரமமாக வெளியேறும்வரை, குறித்த ஆழங்களில் குறித்த நேரம் தங்கித் தங்கியே ஏறவேண்டும் என்பது, ஆடுகளை வைத்துப் பரிசோதித்து 1908 ஆம் ஆண்டில் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் வெளியிட்ட நியதி. தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத கூரையொன்று கவிந்திருப்பதை மறவாமல் நீருக்குள் காரியமாற்றப் பழகுவதே தொழினுட்பச் சுழியோட்டம் எனப்படும் வித்தை.

இவ்வித்தைக்குரிய பாடக் கிரமம் இலங்கைக்கென்றும் இந்தியாவுக்கென்றும் தனித்தனியே வகுக்கப்பட்டதன்று, டீ.டீ.ஐ. முதலிய சர்வதேச ஸ்தாபனங்கள் வகுத்த அதே படிகளையே இரு நாட்டு ஆசிரியர்களும் போதிக்கிறார்கள். முதற்படியில் ஆழம் சற்றும் கூடுவதில்லை. பல ஆண்டு அனுபவமுள்ள சுழியோடியும் முதுகில் இரட்டைச் சிலிண்டரும் விலாப்பக்கத்தில் மேலதிகச் சிலிண்டரும் பூட்டிக்கொண்டு, அடிமணல் கலங்காதபடி கிடைமட்டமாக மிதந்து நிற்கவும், பிடரிக்குப் பின்னாலுள்ள வால்வுகளைக் கையால் தேடி மூடித் திறக்கவும், முகக்கண்ணாடியின்றியே சகபாடியின் வாயுவைச் சுவாசிக்கவும் ஒரு புது மாணாக்கரைப் போலத் திரும்பப் பயிலவேண்டியிருக்கிறது. அடுத்த படியில், ஏறும் வேளையில் பிராணவாயு செறிந்த கலவையைச் சுவாசிக்கும் முறை வருகிறது. சரிபாதி பிராணவாயு கொண்ட கலவையை 21 மீட்டரிலும் தூய பிராணவாயுவை 6 மீட்டரிலும்தான் வாயில் வைக்கலாம், அதற்குக் கீழே அதே உயிர்வாயு வலிப்பை உண்டாக்கி உயிரையே கொண்டுபோகக்கூடும். இவ்வாறு 45 மீட்டர், 55 மீட்டர் என்று இறங்கி, நைதரசனால் விளையும் மயக்கத்தைக் குறைக்க ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸ் வாயுவுடன் 60 மீட்டரை எட்டுவது சாதாரண வழக்கம்.

பாடம் ஒன்றாயிருக்கப் பயிற்சியின் சுபாவம் வேறுபடுவதற்குக் காரணம் கடலேயாகும். மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில், 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி, 307 பேரைப் பலிகொண்டு மூழ்கிய 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதே தினத்தில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜண்ட்' என்ற எண்ணெய்க் கப்பலோ கல்குடாவுக்கு அப்பால், சாதாரணச் சுழியோடியும் எட்டக்கூடிய 25 மீட்டர் அளவில் இருக்கிறது. கொழும்புக்கு வெளியே 'பெர்சியஸ்' ஏறக்குறைய 40 மீட்டரிலும் 'வூஸ்டர்ஷயர்' 57 மீட்டரிலும் கிடக்கின்றன. பாடப்புத்தகத்தின் படிகளுக்கு ஒவ்வொன்றாகக் கப்பலை நிறுத்திவைத்தாற்போல அமைந்த இந்த வரிசை, இலங்கைக் கடலின் பெரும் பாக்கியம்.

கொழும்பின் அவ்விரு கப்பல்களையும் அழித்தவை, 'வொல்ஃப்' என்ற ஜெர்மானியக் கப்பல் 1917 பெப்ரவரியில் இரகசியமாக விதைத்துச் சென்ற கண்ணிகள். அதே கப்பல் பம்பாய்க்கு வெளியே இட்ட கண்ணியொன்றில் மோதி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 'மங்கோலியா' என்ற பிரயாணிக் கப்பலும் மூழ்கியது. ஒரே கை விளைத்த நாசமாயினும், கொழும்புக் கப்பல்களைக் காலையில் புறப்பட்ட சுழியோடி கண்டு அன்றே கரை திரும்பலாம். மங்கோலியா மூழ்கிய இடமோ பம்பாயிலிருந்து ஏறக்குறைய 50 மைல் தூரம். இலங்கையைச் சூழ்ந்த கண்டமேடை ஒடுங்கியது, திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்குத் துறைமுக வாயிலுக்கே நெருங்கி வருகிறது. பம்பாய்க்கு நேரே அம்மேடை சுமார் 300 கிலோமீட்டர் வரை விரிந்து கிடக்கிறது. ஆகவே இந்தியாவில் ஆழம் தேடுவோர், புதுச்சேரிக்கு அப்பாலுள்ள பாறைச் சுவர்களையோ, அந்தமானையோ, அனுமதிச்சீட்டுப் பெற்றே செல்லவேண்டிய இலட்சத்தீவையோ நாடவேண்டியவர்களாகிறார்கள்.

பருவகாலமும் இவ்வேறுபாட்டை அதிகமாக்குகிறது. சோழகம் வீசும் மாதங்களில் கொழும்புக் கடல் கொந்தளிக்கையில் மட்டக்களப்புக் கடல் அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் நிலைமை மாறும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கிழக்கிலும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கிலுமாக, சிறிய தீவொன்றின் இரு கரைகளிலும் ஒருவர் தம் அப்பியாசத்தை ஏறத்தாழ இடைவிடாது தொடரலாம். கோவாவிலும் முருடேஸ்வரத்துக்கு அப்பாலுள்ள நேத்ராணியிலும் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் படகுகள் கரையேறிவிடுகின்றன. அந்தமானும் அந்த மாதங்களில் உகந்த இடமன்று. இந்திய மாணாக்கர் ஒரு படிக்கும் மறு படிக்கும் நடுவே பல மாதங்கள் காத்திருக்கவோ, நெடும் பிரயாணம் செய்யவோ நேர்கிறது.

இதனால் இலங்கையே சிறந்த பள்ளி என்று முடிவுகட்டிவிடுவது அவசரமாகும். கண்ணெதிரே ஹேர்மிஸ் காத்திருக்கையில், தேர்ச்சியின் வேகத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ஆசிரியரிடமிருந்து நழுவி அந்தக் கப்பலின் கைக்குப் போய்விடும் அபாயம் உண்டு. பருவம் முடியுமுன் அதைக் கண்டுவிட வேண்டும் என்ற ஆசை, பத்து மீட்டரில் பூரணமாகாத பயிற்சியையும் பூரணமானதாக எண்ணச் செய்யும். 53 மீட்டரில் அமுக்கம் நீர்மட்டத்தினும் 6.3 மடங்கு, சாதாரணக் காற்றும் அத்தனை மடங்கு அடர்ந்து, நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவருக்கு மூச்சிழுப்பதையே பாரமாக்கும். மாறாக, காட்டி மயக்கும் கப்பலெதுவும் அருகில்லாத இந்தியக் கரையில், பயிற்சிக்குப் பயிற்சியைத் தவிர வேறு வெகுமதி இல்லாமையால், திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை எளிதில் படிகிறது. ஆயினும் குளத்திலும் தெளிந்த ஆழங்குறைந்த நீரிலும் பழகிய அந்த நேர்த்தி, இருட்டும் நீரோட்டமும் கலந்த மெய்யான ஆழத்தில் சோதிக்கப்படாமலே சான்றிதழாகிவிடவும் கூடும்.

விபத்துக்குப் பரிகாரமும் இங்கே கருதத்தக்கது. நோயுற்ற சுழியோடியை மீண்டும் அமுக்கத்துக்குள்ளாக்கிச் சிகிச்சை செய்யும் அமுக்க அறை, கிழக்கிலங்கைக்குத் திருகோணமலைக் கடற்படை வைத்தியசாலையிலும், அந்தமானுக்குப் போர்ட் பிளேயரின் கடற்படை வைத்தியசாலையிலும் இருக்கிறது. ஹேர்மிஸின் மேலிருந்து புறப்படுபவருக்குக் கரைசேரும் நேரமும் அதன்பின் நெடுஞ்சாலைப் பிரயாணமும், ஹேவ்லொக் தீவிலிருந்து புறப்படுபவருக்குக் கடற்பிரயாணமும் இடைநிற்கின்றன. அத்தனை நேரமும் நோயாளிக்குத் தூய பிராணவாயு கொடுக்கப் படகில் போதிய சிலிண்டர் உண்டா என்று புறப்படுமுன் கேட்பது, எந்த நாட்டிலும் மாணாக்கரின் முதற் கடமை.

இரு நாடுகளின் குணங்களையும் இணைத்துக்கொள்வதே விவேகம். 45 மீட்டர்ப் படிவரையிலான அப்பியாசத்தை, இந்தியக் கரையில் நிகழ்வதுபோலக் கப்பலின் ஆசையின்றி, மாறாத சகபாடிகளுடன் நிதானமாக முடித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வாடைக்காலத்தில் பெர்சியஸிலும், சோழகம் தொடங்கியபின் பிரிட்டிஷ் சார்ஜண்டிலும் அந்த நேர்த்தியைப் பரீட்சித்து, அதன் பின்னரே ஹேர்மிஸை நாட வேண்டும். சான்றிதழ் ஒருவர் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை மட்டுமே சொல்லும். சகபாடியின் வால்வொன்றில் சிறு கசிவு கண்டவுடன், பணமும் பிரயாணமும் வீணாகிறதே என்று எண்ணாமல் பாதிவழியில் திரும்பி ஏறக்கூடியவரா என்பதை ஆசிரியர் தம் கண்ணால் கண்டறிய வேண்டும். அதைக் காணாதவரை அடுத்த படிக்கு அனுப்பாத ஆசிரியர் எந்தக் கரையில் கிடைக்கிறாரோ, அந்தக் கரையிலேயே பயில்வது நலம்.