அறுபது வயசும் ஆகாயமும்

விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் சீட் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று செய்து காட்டுகிறார்கள். கேப்டன் பெயரைச் சொல்கிறார்கள். அவருக்கு என்ன வயசு என்று மட்டும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. ஆனால் அந்த வயசை வைத்து அறுபது வருஷத்துக்கு மேலாக உலகத்தில் ஒரு சண்டை நடக்கிறது. கிளறிப் பார்த்தால் அதில் ஸ்டெதஸ்கோப்பைவிட கால்குலேட்டர்தான் அதிகம் தட்டுப்படுகிறது.

1959. பைலட்களை 60 வயசில் வீட்டுக்கு அனுப்பிவிட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிர்வாகம் ஆசைப்பட்டது. ஜெட் விமானங்கள் வந்துவிட்ட நேரம். இளைஞர்களைப் பழக்குவது சுலபம், சம்பளமும் குறைவு. பைலட் சங்கம் மசியவில்லை. கம்பெனித் தலைவர் சி.ஆர். ஸ்மித், அரசின் விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் க்வெசாடாவுக்கு ஒரு கடிதம் போட்டார். அந்த வருஷ முடிவிலேயே, 60 ஆனால் பயணிகள் விமானம் ஓட்டக்கூடாது என்று நாடு முழுக்க விதி வந்துவிட்டது. பதவியை விட்ட பிறகு க்வெசாடா எங்கே போனார் தெரியுமா? அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டைரக்டர் போர்டுக்கு!

இந்த விதி யாரையும் விடவில்லை. 1989-ல் ஹைட்ராலிக்ஸ் அத்தனையும் செத்துப்போன டிசி-10 விமானத்தை, சக பைலட்களோடு சேர்ந்து சூ சிட்டியில் தரையிறக்கினார் கேப்டன் அல் ஹெய்ன்ஸ். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அப்போது அவருக்கு வயசு 57. 1991-ல் 60 ஆனது. அவ்வளவுதான், 'போய்ட்டு வாங்க சார்!'

இப்படி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்காரவில்லை. வயசு வரம்பு தாராளமாக இருந்த வெளிநாடுகளுக்குப் போய் ஓட்டினார்கள். 2006 நவம்பரில் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, வரம்பை 65 ஆக்கியது. உடனே ஒரு கூத்து. வெளிநாட்டுக் கம்பெனியின் 63 வயசு கேப்டன் நியூயார்க்கில் ஜம்மென்று இறங்கலாம். அமெரிக்கக் கம்பெனியில் 60 ஆனவர் அதே ரன்வேயில் இறங்கக்கூடாது!

இதற்குள் பல அமெரிக்கக் கம்பெனிகள் திவாலாகி, சில பென்ஷனையும் கைகழுவியிருந்தன. வயசான பைலட்களுக்கே வேலை தேவைப்பட்டது. 2007 டிசம்பர் 11-ல் பிரதிநிதிகள் சபையில் 390-க்கு 0 என்று மசோதா நிறைவேறியது. 12-ல் செனட். 13-ல் புஷ் கையெழுத்து. 47 வருஷமாக ஆபத்து என்று சொன்ன வயசு, மூன்றே நாளில் ஆபத்தில்லாததாகிவிட்டது. எந்த மருத்துவக் கண்டுபிடிப்பும் இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

நம்மூரில்? பைலட் 65 வரை ஓட்டலாம் என்று அரசு லைசென்ஸ் தருகிறது. ஆனால் ஏர் இந்தியாவில் ஓய்வு வயசு 58 ஆகத்தான் இருந்தது. அதை 65 ஆக்குவதாக 2025 ஆகஸ்டில்தான் அறிவித்தார்கள். அதே வருஷம் 67 வேண்டும் என்று உலக விமான நிறுவனங்களின் சங்கம் கேட்க, ஐகாவோ மறுத்துவிட்டது. கவனியுங்கள், 1959-ல் குறைக்கச் சொன்னதும் கம்பெனிதான். இப்போது கூட்டச் சொல்வதும் கம்பெனிகள்தான். அன்றைக்கு ஆள் மிச்சம். இன்றைக்கு ஆள் பற்றாக்குறை.

சரி, அப்படியானால் வயசு ஒரு பொருட்டே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. வயசாக ஆக மாரடைப்பு அபாயம் கூடும், பார்வை மங்கும். அதனால்தான் 60 தாண்டிய பைலட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு முறை மெடிக்கல் செக்கப். அந்த செக்கப்பும், நாளைக்கு வரப்போகும் மாரடைப்பை இன்றைக்குச் சொல்லிவிடாது. அதற்குத்தான் பக்கத்து சீட்டில் இன்னொரு பைலட். ஏதோ ஒரு வரம்பு வேண்டும்தான். அந்த எண்ணை எழுதுவது டாக்டரா, அக்கவுன்டன்ட்டா என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் தரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்களின் ஓய்வு வயசு 2020 மே மாசம் 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60. லாக்டவுனில் கஜானா காய்ந்து கிடந்த நேரம். ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தரவேண்டிய பணத்தைத் தள்ளிப்போட இதைவிட சுலபமான வழி இல்லை. ஃபைல் பார்க்கிறவருக்கும் பஸ் ஓட்டுகிறவருக்கும் ஒரே எண்.

அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு சிறப்பு பஸ்கள் விடுகிறார்கள். கூட்டம் பிதுங்கும். சாமி பார்த்துவிட்டு ஏறினவர்கள் செஞ்சி வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தூங்க முடியாது. 60 தாண்டிய பைலட்டை ஆறு மாசத்துக்கு ஒரு தரம் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுக்கிற உலகத்தில், 59 வயசு டிரைவரின் கண்ணையும் இதயத்தையும் அதே கண்டிப்போடு பார்த்தால் என்ன? வயசைக் கூட்டுகிற ஆர்டரிலேயே அதற்கும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

பைலட்டுக்காவது பக்கத்தில் ஒரு கோ-பைலட் இருக்கிறார். இவருக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம்தான் தொங்குகிறது.