குப்புறப் படுத்தவர்கள் வகுத்த இலக்கணம்

பலகைமேல் படுத்து அலையில் சறுக்கும் பாடிபோர்டிங்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பலகையிலிருந்தே தொடங்குகிறார்கள். 1971 ஜூலையில் ஹவாய்ப் பெருந்தீவின் கோனா கரையில் டாம் மோரி ஒன்பதடி நீளப் பாலிஎத்திலீன் நுரைத்துண்டை இரண்டாக வெட்டி, மேலே செய்தித்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வடிவம் கொடுத்தார். கணிதம் படித்தவர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், டிரம் வாசிப்பவர். பலகைக்கு 'பூகி' என்று பெயர் வைத்ததும் அந்த இசைப் பித்தால்தான். கதை சுவையானது. ஆனால் கருவி பிறந்த நாளில் மரபு பிறந்துவிடுவதில்லை. எது நல்ல ஆட்டம், எது சுமார் என்று பிரித்துச் சொல்லும் அளவுகோல் ஆடுவோர் கைக்கு வரும்போதுதான் மரபு என்ற ஒன்று உண்டாகிறது. பாடிபோர்டிங்குக்கு அதைத் தந்தவர்கள், நின்று சறுக்குவோர் தயங்கிய இடங்களில் படுத்தபடி நுழைந்த முதல் தலைமுறையினர். அவர்களைக் கோப்பைகளாலோ வித்தைகளாலோ அல்ல, திறந்துவைத்த அலைகளால்தான் எடை போட வேண்டும் என்பது என் கட்சி.

படுத்துச் சறுக்குவது ஹவாய்க்குப் புதிதா என்று கேட்கலாம். புதிதல்ல. 1779-ல் கேப்டன் குக்கின் பயணத்தில் இருந்த ஜேம்ஸ் கிங், இதே கோனா கரையின் கியலகெகுவா விரிகுடாவில் தீவினர் பலகைமேல் படுத்து அலையேறியதைக் குறித்துவைத்திருக்கிறார். பைப்போ என்னும் சிறு மரப்பலகை 20-ஆம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தது. ஆனால் நுரைப்பலகை வளையும். மூக்கை ஒரு கையால் இழுத்துப் பிடித்தால் அதன் வடிவமே மாறும். தலைமேல் வந்து விழுந்தாலும் மண்டை உடையாது. அடியில் துடுப்பு இல்லாததால் பலகையின் விளிம்பை நீரில் அழுத்தித்தான் திரும்ப வேண்டும். வேகம் கூட்டக் காலில் மாட்டிய ரப்பர் துடுப்புகள். பலகைக்கு இந்த அளவு பெருமையை விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. ஆயினும் அதே பலகையை வாங்கிய பெருங்கூட்டம் முழங்கால் ஆழத்தில் விளையாடிவிட்டுக் கரையேறியது என்பதையும் மறக்கக் கூடாது.

ஓவாஹு தீவின் வடகரையில் இருக்கிறது பைப்லைன். ஆழ்கடலிலிருந்து வரும் அலை ஆழம் குறைந்த பாறைத் திட்டில் திடீரென்று தடுக்கி, அதன் மேல்விளிம்பான உதடு முன்னால் எறியப்பட்டுக் குழலாகச் சுருள்கிறது. நின்று சறுக்குபவர் அந்தச் செங்குத்துச் சுவரில் எழுந்து நிற்க ஒரு கணம் வேண்டும். படுத்திருப்பவருக்கு அந்தக் கணம் தேவையில்லை. உதடு கவியும்போதுகூட இரண்டு உதை உதைத்து உள்ளே விழலாம். 1970-களின் நடுவில் ஜாக் லிண்ட்ஹோம் அங்கே இறங்கியபோது இன்னொன்றும் செய்தார். ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வைத்துக் குழலுக்குள் போனார். 'டிராப்-நீ' பள்ளி அங்கிருந்துதான் வேர்விட்டது. பின்னால் கலிபோர்னியாவின் பால் ரோச் இதே நிலையில் விளிம்பை ஆழப் பதித்து வளைந்து திரும்பும் நேர்த்தியைக் கொண்டுவந்தார். அது வேறொரு கிளை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது: முன்னது குழலின் ஆழத்தைக் கேட்கிறது, பின்னது கோட்டின் அழகை.

அதே தீவின் தென்கிழக்கில் உள்ள சாண்டி பீச்சின் கதை வேறு. அலை கரையிலேயே, கால் நனையும் நீரில் உடைகிறது. கழுத்தும் முதுகெலும்பும் முறிவதற்குப் பேர்போன இடம். ஜே.பி. பேட்டர்சன், பென் செவர்சன் போன்றோர் பழகிய இந்தக் கரையில்தான் சுழற்சியும் உருளலும் கூர்மை பெற்றன. வித்தையைக் கண்டுபிடித்தவரே முன்னோடி என்று வாதிடுவோருக்கு இதுவே நல்ல சான்று போலத் தோன்றும். 1993-ல் உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் எப்பெல்ஸ்டனின் காற்றில் உருண்டு சுழலும் வித்தையையும் அவர்கள் காட்டுவார்கள். ஆனால் சாண்டி பீச்சின் வித்தைகள் சாண்டி பீச்சின் அலையிலிருந்து வந்தவை. குட்டையான, திடீரென்று எகிறும் உதடு தூக்கி எறியாமல் யாரும் காற்றில் உருண்டதில்லை. அலையைத் தேடிப் போனார்கள், வித்தை பின்னால் வந்தது.

பட்டங்களை வைத்து அளந்தால் என்ன என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். பைப்லைனில் 1982-ல் நடந்த முதல் சர்வதேசப் போட்டியை டேனியல் காய்மி வென்றார். அடுத்து எழுந்த மைக் ஸ்டூவர்ட் ஒன்பது முறை உலகச் சாம்பியன். அவரைத் தவிர்த்து எந்த வரலாறும் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டி என்பது நடுவர்கள் உட்காரக்கூடிய கரையில் நடப்பது. ஓவாஹுவின் அதே வடகரையிலுள்ள வைமியாவின் ராட்சத அலைகளில் பாடிபோர்டுடன் இறங்கிய ஃபிலிஸ் டேமரனைக் கோப்பைக் கணக்கு கண்டுகொள்ளாது. ஒரு பெண் அந்தக் கடலில் என்ன செய்கிறார் என்று கேட்ட காலம் வேறு. ஸ்டூவர்ட்டின் பெருமையே ஒன்பது என்ற எண்ணில் இல்லை. 1996-ல் ஒரே கடற்கொந்தளிப்பின் அலைகளைத் தஹிதியில் பிடித்து, அது நகர நகர ஹவாய், கலிபோர்னியா, அலாஸ்கா வரை விமானத்தில் துரத்திச் சென்றாரே, அதற்கு எந்த நடுவர் மதிப்பெண் போட்டார்?

அதற்கு முன்பே, 1986-ல், ஸ்டூவர்ட்டும் செவர்சனும் தஹிதியின் டியாஹூப்போவில் இறங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு அந்த அலை ஏற்கெனவே தெரியும். வெளியுலகம் அதன் பெயரைக் கேட்டிருக்கவில்லை. கடல்மட்டத்துக்குக் கீழே குழிந்து உடையும் அந்த அலைக்குத் தொழில்முறைச் சறுக்குப் போட்டிகள் வந்து சேர 1990-களின் பிற்பகுதி ஆயிற்று. 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டியும் அங்கேதான் நடந்தது. பாடிபோர்டிங் அந்தப் பட்டியலில் இல்லை.