சூரியகாந்திக் குடும்ப வகைப்பாட்டில் வேதிப்பொருளும் மரபணுவும்

சூரியகாந்தி, செவ்வந்தி, கரிசலாங்கண்ணி முதலியன அடங்கிய ஆஸ்டரேசியே குடும்பத்தில் 24,000 சிற்றினங்களுக்கு மேல் உள்ளன. ஒரே பூவாகத் தோன்றுவது உண்மையில் பல சிறுமலர்கள் நெருங்கி அமைந்த தலைமஞ்சரியே என்பதும், அவ்வமைப்பு குடும்பம் முழுவதிலும் பெரிதும் மாறாதிருப்பதும், புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு உட்பிரிவுகளை வகுப்பதைக் கடினமாக்கின. 1873இல் தாவரவியலாளர் பெந்தம் வகுத்த 13 குலங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் நிலைத்ததற்கு அவருடைய நுண்ணோக்கு ஒரு காரணம். அதை அசைக்கவல்ல வேறு வகைச் சான்று இல்லாதிருந்தது மற்றொன்று.

அத்தகைய சான்றை முதலில் திரட்டியது வேதியியல். 15 கரி அணுக்களாலான அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்டு, பெரும்பாலும் கசப்புச் சுவை தரும் செஸ்கிட்டெர்பீன் லாக்டோன்கள் இக்குடும்பத்தில் ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டு, குலங்களின் உறவை அறியும் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. ஆயினும் ஒரே சேர்மம் இருப்பதனாலேயே இரு செடிகள் உறவினவாகிவிடுவதில்லை. பைரோலிசிடின் அல்கலாய்டு எனும் நச்சுப்பொருள் இக்குடும்பத்தின் செனெசியோ, யூபடோரியம் ஆகியவற்றின் குலங்களில் மட்டுமன்றி, அவரைக் குடும்பத்துக் கிலுகிலுப்பையிலும் உண்டு. அதன் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் நொதியின் மரபணுவை ஆராய்ந்தபோது, அந்நொதி பூக்கும் தாவரங்களில் பலமுறை தனித்தனியே தோன்றியிருப்பது தெரிந்தது. மேலும், வயல்வரப்புகளில் மண்டும் பார்த்தீனியத்தில் இந்தியச் செடிகள் பார்த்தெனினையும், தென் அமெரிக்காவின் சில பகுதிச் செடிகள் அதே மூலக்கூறு வாய்பாட்டையுடைய ஹைமெனினையும் முதன்மையாக உண்டாக்குகின்றன; ஒரே சிற்றினத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கையில், ஓரிடத்துச் செடியின் பகுப்பாய்வைச் சிற்றினம் முழுமைக்கும் பொதுவாக்குவது துணிச்சலே.

மரபணுச் சான்றின் வலிமைக்கு 1987இல் ஜான்சனும் பால்மரும் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். பசுங்கணிக டிஎன்ஏவில் ஏறத்தாழ 22,000 கார இணைகள் நீளமுள்ள ஒரு துண்டு, தென் அமெரிக்கப் பார்னடீசியா கூட்டம் நீங்கலாக, இக்குடும்பத்தில் ஆராயப்பட்ட பிற செடிகளில் தலைகீழாகத் திரும்பியிருந்தது. இத்தகைய மாற்றம் மிக அரிது. ஆகவே அக்கூட்டம் குடும்ப மரத்தின் அடியிலேயே கிளைத்தது என்ற முடிவு உறுதிபெற்று, 1992இல் அது தனித் துணைக்குடும்பமாக உயர்த்தப்பட்டது. புறத்தோற்றம் இந்த உண்மையை ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறைத்தே வைத்திருந்தது.

எனினும் பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியே கடத்தப்படுவதால், கலப்பு நிகழ்ந்த இடங்களில் அது வரலாற்றின் ஒரு பாதியையே கூறும். அமெரிக்கச் சூரியகாந்திச் சிற்றினங்களில், அயல் சிற்றினத்தின் பசுங்கணிகத்தைத் தாங்கிய செடிகள் உள்ளன. அவற்றை அந்த டிஎன்ஏ ஒன்றைக் கொண்டே வகைப்படுத்தினால் தவறான கிளையில் சேர்க்க நேரும். உட்கரு மரபணுக்களை நூற்றுக்கணக்கில் ஒப்பிடும் இன்றைய முறை இக்குறையைப் பெருமளவு தீர்க்கிறது; ஆயினும் கலப்பும் மரபுத்தொகுதி இரட்டிப்பும் மலிந்த இக்குடும்பத்தில் அம்மரபணுக்களும் எப்போதும் ஒரே கதையைச் சொல்வதில்லை.

இக்குறைகள் இருப்பினும், உறவை நிறுவுவதில் மரபணுவுக்கே முதலிடம் தர வேண்டும். அவ்வாறு கிடைத்த மரத்தின்மேல் வைத்துப் படிக்கும்போதுதான் வேதிப்பொருளின் பரவல் பொருள்படுகிறது. அங்கும் பெயர் மாற்றத்தால் எழும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வெடேலியாவாக இருந்த மஞ்சள் கரிசலாங்கண்ணி இன்று ஸ்பாக்னெட்டிகோலா. வெர்னோனியா பல பேரினங்களாகப் பிரிந்துவிட்டது. பழைய பெயர்களில் பதிவான வேதித் தரவுகளுள், ஆய்ந்த செடியின் உலர்மாதிரி காப்பகத்தில் இருப்பவற்றையே மீண்டும் சரிபார்த்துப் புதிய பெயருக்கு ஐயமின்றி மாற்ற முடிகிறது. மாதிரி வைக்கப்படாதவற்றில், அன்று ஆராயப்பட்டது எந்தச் செடி என்பதையே இன்று உறுதிசெய்ய வழியில்லை.