ஃபைலைப் பார்த்துச் சொல்லும் வைத்தியம்

டெங்குக் காய்ச்சலுக்கு ஒருவரை அட்மிட் செய்கிறார்கள். மூன்று நாள் டிரிப்ஸ், இருவேளை ரத்தப் பரிசோதனை. தட்டணுக்கள் பெரிதாக இறங்காமல் பிழைத்துக்கொள்கிறார். டிஸ்சார்ஜ் நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கிறது: “வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்.” கேஷ்லெஸ் கேட்டு அலைந்தவர்களுக்கு இது பழகிய பதில்தான். டெங்குவில் காய்ச்சல் தணிகிற கட்டம்தான் ஆபத்தானது. ஆள் தேறிவிட்டார் என்பது நான்காம் நாள் தெரிந்த சேதி. முதல் நாள் இரவு டியூட்டி டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

சிகிச்சை நோய்க்குத் தேவையானதாக இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது, மருத்துவர் எழுதித் தந்திருக்க வேண்டும், மருத்துவ உலகம் ஏற்ற முறைக்கு ஒத்திருக்க வேண்டும். பாலிசிகளில் உள்ள ‘மருத்துவத் தேவை’ வரையறையின் சாரம் இதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘தேவைக்கு மிஞ்சியது’ எது என்று முடிவு செய்பவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அவர் முன்னால் இருப்பது ஸ்கேன் செய்து அனுப்பிய கேஸ் ஷீட்.

அதற்காகத் தணிக்கையே கூடாது என்று சொல்லிவிட முடியாது. இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ரூம் போடுகிற மருத்துவமனைகள் நம் ஊரில் இல்லையா என்ன? அரசுக் காப்பீட்டில் ஸ்டென்ட் வைக்க அனுமதி கேட்டால் ஆஞ்சியோகிராம் படங்களை அனுப்பச் சொல்வது நியாயமான நிபந்தனை. ஆனால் காகிதத்தையே திருத்திவிட்டால்? 2024 நவம்பரில் அகமதாபாத் தனியார் மருத்துவமனை ஒன்றில், முகாமிலிருந்து அழைத்துவரப்பட்ட கிராமத்தினருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்ததில் இருவர் இறந்தார்கள். அடைப்பின் அளவைக் கூட்டிக் காட்டி அரசுக் காப்பீட்டுப் பணம் பெற்றார்கள் என்பது விசாரணையில் எழுந்த குற்றச்சாட்டு. நிஜமான டெங்குவைச் சந்தேகிக்கிற அதே மேசை, ஜோடித்த ஃபைலுக்குத் தலையாட்டிவிடும்.

2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் பதில் வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதல் 3 மணி நேரத்தில் வேண்டும். அதைத் தாண்டினால் மருத்துவமனை போடும் கூடுதல் கட்டணம் நிறுவனத்தின் தலையில். பில்லிங் கவுன்ட்டரில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நிராகரிப்பதற்கு முன் ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆனால் அது நிறுவனத்தின் சொந்தக் குழு. வெளியாளிடம் போக வேண்டுமென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணமில்லாமல். அதற்குள் பில்லைக் கட்ட நகை அடகுக்குப் போயிருக்கும்.

நேரத்துக்குக் கெடு வைத்தவர்கள் காரணத்துக்கும் வைத்திருக்கலாம். அட்மிஷன் தேவையா என்பதை, சேர்த்த நேரத்தில் டாக்டர் கையில் இருந்த விவரங்களை வைத்து மட்டுமே எடைபோட வேண்டும். மறுப்புக் கடிதத்தில் மறுத்த மருத்துவரின் பெயரும் அவர் எந்தத் துறை என்பதும் இருக்க வேண்டும். கண் மருத்துவர் ஒருவர் இதய நோயாளியின் ஃபைலை மூட நேர்ந்தால், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கொஞ்சமாவது யோசிப்பார்.