'மாஸ்', 'வெயிட்': பெயரும் வினையும்

'மாஸ்', 'வெயிட்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் விளக்கும் இயற்பியல் நூல்கள் பொருள் வேறுபாட்டோடு நின்றுவிடுகின்றன. முன்னது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் சொல்வது. பின்னது அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசை, நியூட்டனில் சொல்வது. 60 கிலோகிராம் உள்ள ஒருவரைப் புவி ஏறத்தாழ 588 நியூட்டன் விசையுடனும், நிலவு 97 நியூட்டன் விசையுடனும் ஈர்க்கும். இவ்வளவும் சரியே. மாணவரைக் குழப்புவது இலக்கணம்.

'வெயிட்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'வெய்' என்ற வினை உண்டு. 'மாஸ்' வினையாக வந்தால் 'திரளுதல்' என்றே பொருள். அளத்தலுக்கு அது உதவாது. ஆகவே கிலோகிராம் கணக்கைச் சொல்லவும் ஆங்கிலேயர் 'வெய்' என்ற வினையையே ஆள்கின்றனர். வினை ஒரு சொல்லுக்கு உரியது, அலகு மற்றதற்கு உரியது! கிலோகிராம் 'மாஸ்' என்பதன் அலகே என்று 1901-இல் எடைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு தெளிவுபடுத்தியது. (மாநாட்டின் பெயரிலேயே எடை இருப்பதைக் கவனியுங்கள்.) பேச்சு வழக்கு மாறவில்லை.

தமிழில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 'நிறு' என்ற வினை 'நிறை' ஆயிற்று. 'எடு' என்பது 'எடை' ஆயிற்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மாஸ்' நிறை, 'வெயிட்' எடை. இலங்கைப் பாடநூல்களிலோ 'மாஸ்' திணிவு, 'வெயிட்'தான் நிறை! ஒரே சொல் கடலைக் கடந்ததும் விசையாகிவிடுகிறது. இரு நாட்டு நூல்களையும் புரட்டும் மாணவர் கணக்கில் தவறினால் குற்றம் அவருடையதா? கலைச்சொல் தொகுப்போர் முதற் பக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கையாவது அச்சிட வேண்டும்.

எந்த வழக்கு சிறந்தது? 'திணிவு' தள்ளத்தக்கதன்று. 1687-இல் நியூட்டன் பருப்பொருளின் அளவை அடர்த்தி, பருமன் இரண்டையும் கொண்டே வரையறுத்தார். ஆயினும் அச்சொல் மாணவரை அடர்த்திப் பக்கம் இழுத்துவிடும். என் வாக்கு 'நிறை'க்கே. தட்டுத் தராசில் நிறுக்கும்போது பண்டத்தைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறோம். நிலவிலும் தட்டுகள் சமமாகவே நிற்கும். நிறுத்துக் கிடைப்பது நிறை. சுருள்வில் தராசோ மாறிக் காட்டும்.

பெயரடைகளில்தான் மொழிபெயர்ப்பாளர் அதிகம் வழுக்குகின்றனர். 'வெயிட்லெஸ்' எடையற்ற; 'மாஸ்லெஸ்' நிறையற்ற. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி வீரரைப் புவி, தரையில் ஈர்ப்பதில் பத்தில் ஒன்பது பங்களவு ஈர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கலமும் அவரும் சேர்ந்தே விழுவதால் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவே. அவர் 'நிறையற்று மிதக்கிறார்' என்று எழுதினால் அவரை ஒளித்துகள் ஆக்கிவிடுகிறோம். அவ்வாறே 'மாஸிவ்' என்பது பொதுவழக்கில் மாபெரும் என்று பொருள்படும். துகள் இயற்பியலில் நிறையுடைய என்பதே பொருள். அங்கே எலக்ட்ரானும் 'மாஸிவ்'தான்.